கம்பளி வராமல் மங்களம் இல்லை

ராகலை,
20.1.1958

அன்பு மகன் செல்லசாமிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. மாரியம்மன் புண்ணியத்தில் நாங்கள் மூவரும் மூக்கைச் சிந்திக்கொண்டு சுகமாகவே இருக்கிறோம். நீ அந்தத் திருகோணமலை வெயிலில் கருகாமல் இருக்கிறாயா என்று உடனே எழுது. உன் அப்பாவைப் பற்றி ஒரு கோள் சொல்ல வேண்டும், அதனால்தான் அவர் வேலைக்குப் போன நேரம் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன்.

போன மாத மழையில் மண் சரிந்து நமக்குக் கீழே இருந்த லயத்து வீட்டு வரிசை போனது உனக்குத் தெரியும். அந்தச் சனம் பள்ளிக்கூடத்துத் தரையில் நடுங்கிக் கிடக்கிறது. அவர்களுக்காக உன் தங்கச்சி பூரணியும் அவளோடு பாட்டுப் படிக்கிற பிள்ளைகளும் பொங்கலுக்கு மறுநாள் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கச்சேரி வைத்தார்கள். பூரணி பாட்டு, முத்துலிங்கம் வயலின், சின்னத்தம்பி மிருதங்கம். டிக்கெட்டுக்குப் பதில் ஆளுக்கு ஒரு கம்பளி தர வேண்டும். தோட்டத்துச் சங்கத் தலைவர் என்ற முறையில் உன் அப்பா எழுந்து, குடுக்கிற கைதான் ஒசந்த கை என்று ஒரு பேச்சுப் பேசினார் பார்! அதோடு விட்டாரா, மடுவத்துக்குச் சுவரா இருக்கு, இப்பவே வாங்குனா சனம் வெறச்சுப் போகும், போறப்ப வாங்கிக்கலாம் என்று தாராளம் வேறு.

போர்த்திய கம்பளியைக் குளிரில் எடுக்க யாருக்கு மனசு வரும்? கடைசிப் பாட்டு வந்ததும் அடுத்த வீட்டு அம்மாக்கண்ணு போர்த்தினபடியே ஓரமாக நகர்வதை நானே பார்த்தேன். மங்களம் பாடியதும் ஒரே ஓட்டம்தான் என்று சனம் தயாராக இருந்தது. பூரணிக்குத் தெரியாதா? கம்பளி பூரா மேடைக்கு வராம மங்களம் பாட மாட்டோம் என்று சொல்லிவிட்டு மறுபடி முதல் பாட்டை எடுத்தாளே பார்க்கலாம்! தை பிறந்து முதல் கச்சேரி, மங்களம் கேட்காமல் எழுந்துபோனால் குடும்பத்துக்கு ஆகுமா? நாசமாப் போன புள்ள என்று முணுமுணுத்துக்கொண்டே அம்மாக்கண்ணுதான் முதலில் போய்ப் போட்டாள். ஒவ்வொரு கம்பளி விழும்போதும் சின்னத்தம்பி மிருதங்கத்தில் ஒரு போடு போட, எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு நொந்துவிட்டது.

கடைசியில் ஒன்றே ஒன்று பாக்கி. நீ முதல் சம்பளத்தில் வாங்கி அனுப்பிய சிவப்புக் கோடு போட்ட கம்பளி, உன் அப்பா தோளில். பழைய தோட்டக் கம்பளியை எடுங்க என்று படித்துப் படித்துச் சொன்னேன், ஊருக்குக் காட்ட வேண்டாமா அவருக்கு? இப்போது மனிதர் கூரைத் தகரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பூரணி அவர் முகத்தைப் பார்த்து ஒரே வரியைத் திருப்பித் திருப்பிப் பாடுகிறாள். தொடையில் கிள்ளினேன். மவன் மொத சம்பளத்துல வாங்குனதுடி என்றார். கிள்ளின கையை நானும் எடுத்துவிட்டேன். அப்புறம் எழுந்தார். மேடைக்குப் போகவில்லை. லயம் இழந்து பின்னால் உட்கார்ந்திருந்த வேலாயிக்குத் தன் கையாலேயே போர்த்திவிட்டு வந்தார். அதன் பிறகுதான் மங்களம்.

இப்போது வேலாயி அதைத் தலையில் போட்டுக்கொண்டுதான் கொழுந்துக்குப் போகிறாள். இவர் தினமும் வாசலில் நின்று, கம்பளி நல்லாருக்காக்கா என்று கேட்கிறார். நேற்று அவள் கம்பளியைத் தட்டிக் காட்டி, ஒங்க மவன் நனையாமத்தான் இருக்காரு தலைவரே என்று சொல்லிவிட்டுப் போனாளாம். வந்து சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இன்னொரு கம்பளி கேட்டு உனக்குத் திருட்டுத்தனமாக எழுதுவார். அனுப்பாதே, பூரணி அடுத்த கச்சேரி வைத்துவிடுவாள். சித்திரைக்கு வெறுங்கையோடு நீ வந்தால் போதும். தலைக்கு நல்லெண்ணெய் வைக்க மறக்காதே. ஆயிசு நூறாக நன்றாயிரு ராசா.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா அழகம்மா