பேரன் கட்டிய வெளி மாநிலக் கட்டணம்

12 ஏப்ரல் 1997, சனி இரவு

இங்கே பக்கத்து ஆல்பனியில் படிக்கும் பேத்தி கணக்கில் முதலாவதாக வந்திருக்கிறாள். பென்ரோஸ் தொழிற்சாலையில் பெரிய பேரன் சூப்பர்வைசர் ஆகிவிட்டான். அங்கே அமெரிக்காவில் படிக்கும் சின்னவனும் ஒரு சோதனை பாஸ். துவக்குப் பிடிக்கிற சோதனை! பக்கத்து மாநிலத்துக்கு வான்கோழி சுடப் போகிறானாம். காலையில் போனில் சொன்னான்.

துவக்கோடு கவனம் ராசா என்றேன். அதோடு, வேட்டை லைசென்ஸுக்கு அவனிடம் அங்கத்தைய ஆட்களைவிடப் பல மடங்கு வாங்கினார்களாம்.

"எங்கட நிறத்தைப் பாத்துத்தானே ராசா கூடக் கேக்கிறாங்கள்?"

சிரித்தான். "இல்லை அம்மம்மா. வேற மாநில ஆக்கள் எல்லாருக்கும் அவ்வளவுதான். என்னோட வாற வெள்ளைக்காரப் பெடியனும் அதேதான் கட்டினவன்."

"அவனும் பிறத்தியானோ?"

"ஓம், அங்க ரெண்டு பேரும் பிறத்திதான்."

நாள் முழுக்க அதையே நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். மகளுக்கும் இரண்டு தரம் சொல்லிவிட்டேன்.

சேவலை மட்டும்தான் சுடலாமாம், பேட்டுக் கோழியைத் தொடக்கூடாதாம். நல்ல சட்டம். துவக்குப் பயம் மட்டும் இன்னும் போகவில்லை. கோழி கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, பத்திரமாகத் திரும்பட்டும்.

அவனிடம் சொல்ல மறந்துபோனேன். அந்தப் பெடியனும் அவனும் தோளோடு தோள் நிற்கிற மாதிரி ஒரு புதுப் படம் எடுத்துத் தபாலில் போடச் சொல்ல வேண்டும். துவக்கைக் கீழே வைத்துவிட்டு.