கழிவுப் பீப்பாயில் கிடக்கும் நீல மூடிப் புட்டியைத் திருப்பித் தரக் கோருதல்

அனுப்புநர்:
ஆராய்ச்சி மாணவி,
கரிம வேதியியல் ஆய்வகம், இரண்டாம் தளம்.

பெறுநர்:
பாதுகாப்பு மற்றும் கழிவு அகற்றல் அலுவலர்,
தரைத்தளம்.

பொருள்: கழிவு என்று தவறாக எடுத்துச் செல்லப்பட்ட வினையூக்கியை, வண்டி வருமுன் மீட்டுத் தருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

நாளைக் காலை கழிவு வண்டி வந்துவிடும் என்பதால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். பொறுத்தருள்க.

1. கழிவு அறையில், கம்பிவலைக் கதவுக்கு நேரே நிற்கும் மஞ்சள் பீப்பாயில், மேலாகவே, நீல மூடி போட்ட கண்ணாடிப் புட்டி ஒன்று கிடக்கிறது. அதில் கடுகளவு கறுப்பு மணிகள் உள்ளன. அவை பாலிமர் மணிகள்; அவற்றில் பல்லேடியம் என்னும் உலோகத்தைப் பிணைத்து வைத்திருக்கிறேன். இரண்டு கரிம மூலக்கூறுகளை ஒன்றாக இணைக்க அந்த உலோகத்தின் தயவு வேண்டும். அதைத் தனியாகப் போட்டால், சமையலில் போட்ட உப்பு மாதிரி கரைந்துவிடும். திரும்ப எடுப்பது பெரும்பாடு. மணியில் பிணைத்துவிட்டால் கரண்டி மாதிரி. கிளறி முடித்ததும் வடிகட்டி எடுத்து, கழுவி, உலர்த்தி, அடுத்த வினைக்குப் போடலாம். என் ஆராய்ச்சி முழுவதும் இவ்வளவுதான். "கழுவிக் கழுவி வைக்கிறதுக்கா இத்தனை வருஷம் படிச்சே, அதை நம்ம வீட்டுல செஞ்சா ஆகாதா?" என்று என் அக்கா கேட்பதுண்டு.

2. திங்களன்று நான் கருவி அறையில் இருந்தபோது, துப்புரவுப் பணியாளர் அம்மா என் மேசையிலிருந்து அந்தப் புட்டியை எடுத்துச் சென்றுவிட்டார். பயன்படுத்திய வேதிப்பொருள் எல்லாம் அன்றன்றே பீப்பாய்க்குப் போக வேண்டும் என்பது தங்கள் சுற்றறிக்கை. புட்டியில் "பத்து முறை பயன்படுத்தியது" என்று நானே கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தேன். எனக்கு அது பெருமை. சுற்றறிக்கைக்கு அது குப்பை. அந்த அம்மாவிடம் விளக்கம் கேட்கப்போவதாக அறிகிறேன். அருள்கூர்ந்து கேட்க வேண்டாம். எய்தவன் இருக்க அம்பை நோவது முறையல்ல. செய்தி தெரிந்ததும் மாடிப்படி ஏறி வந்து, கையைப் பிசைந்துகொண்டு நின்றவர் அவர் ஒருவர்தான்.

3. அன்றே தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். எழுத்தர் ஐயா நல்லவர், உட்காரச் சொன்னார். "போனாப் போகுது விடும்மா, புதுசா ஒண்ணு செஞ்சுக்க" என்றார். புதியதைச் செய்ய எனக்குத் தெரியும். செய்தும் விடலாம். ஆனால் எனக்கு வேண்டியது புதியது அல்ல, ஐயா. பத்து முறை கொதித்து, பத்து முறை கழுவப்பட்டு, அதன் பின்னும் வேலை செய்கிற பழையது. அதை யாராலும் புதிதாகச் செய்ய முடியாது. உழைக்க வைத்துத்தான் பெற வேண்டும். அதற்கு எனக்கு ஓராண்டு பிடித்தது.

4. என் ஆய்வேட்டைப் படித்த தேர்வாளர் ஒரே ஒரு கேள்வியோடு அதைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்: இத்தனை முறைக்குப் பிறகும் உலோகம் மணியிலேயே இருக்கிறதா, அல்லது சிறிது சிறிதாகக் கசிந்து, செய்த பொருளோடு போய்விட்டதா? நியாயமான கேள்வி. அந்த மணிகளைச் சோதித்தால்தான் பதில் சொல்ல முடியும். கருவியில் எனக்கு முறை வாங்கிவிட்டேன். சோதிக்கத்தான் பொருள் இல்லை. மாதக் கடைசிக்குள் பதில் போகாவிட்டால் என் பதிவு ரத்தாகும். நீட்டிப்பு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். பயமாக இருக்கிறது. மனுவில் இப்படி எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

5. பீப்பாய்க்குள் போன பொருள் வெளியே வர விதியில்லை என்று நேற்றுத் தாங்கள் எழுத்தில் பதில் தந்தீர்கள். விதியைப் படித்துப் பார்த்தேன். வெளியே வரக்கூடாது என்றும் அதில் இல்லை. குப்பையிலிருந்து ஒரு பொருளை யாராவது திரும்பக் கேட்பார்கள் என்று விதி எழுதியவருக்குத் தோன்றவே இல்லை போலும். பீப்பாய் இன்னும் மூடப்படவில்லை. புட்டி உடையவில்லை, சிந்தவில்லை. வலைக்கு வெளியே நின்றால் அதன் மூடி தெரிகிறது. போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். சாவி தங்கள் மேசை இழுப்பறையில் இருக்கிறது. கையுறை, கண்ணாடி எல்லாம் நானே கொண்டு வருகிறேன். தாங்கள் பக்கத்தில் நின்றால் போதும்.

6. கடைசியாக ஒன்று. நம் கட்டட வாசலில் "இங்கே எதுவும் வீணாவதில்லை" என்ற வாசகத்தோடு ஒரு பெரிய படம் மாட்டியிருக்கிறது. அதில் தாங்கள் ஒரு புட்டியைக் கையில் உயர்த்திப் பிடித்துச் சிரித்தபடி நிற்கிறீர்கள். அந்தப் புட்டிக்கும் நீல மூடிதான். படம் எடுத்த அன்று என் மேசையிலிருந்துதான் அதை வாங்கிச் சென்றார்கள். படம் எடுத்து முடித்ததும் பத்திரமாகத் திருப்பியும் தந்தார்கள். அப்போது அது நான்கு முறை பயன்படுத்தியது.

ஆகவே, நாளை வண்டி வருமுன் கதவைத் திறந்து அதே புட்டியை மறுபடியும் ஒருமுறை கையில் எடுத்து, என்னிடம் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அதற்கு வழியே இல்லை என்றால், வண்டி கிளம்பியதும் வாசலில் உள்ள படத்தையாவது கழற்றிவிடுங்கள். தினமும் அதைக் கடந்துதான் நான் உள்ளே வர வேண்டியிருக்கிறது.

நாள்: வண்டி வருவதற்கு முந்தைய நாள், புதன்கிழமை
இடம்: கழிவு அறைக்கு எதிரே உள்ள படிக்கட்டு

தங்கள் பதிலுக்காக இங்கேயே அமர்ந்திருக்கும்,
(ஒப்பம்)
ஆராய்ச்சி மாணவி