கொடியில் காயும் ஏழு சட்டைகள்

அக்காவுக்கு,

கிழிச்சுப் போடாம முழுசாப் படி. நான் இப்போ டவர் கிரேன் ஓட்டுறேன்! "பொம்பளை ஏறுற இடமா அது?"ன்னு கேட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டியே, அதே கிரேன்தான். இன்னிக்கு இருபத்திரண்டாவது மாடிக்குக் கம்பி தூக்கினேன். ஊரே காலடியில கிடக்கு. போன வருஷம் புதர் மண்டிக் கிடந்த இடமெல்லாம் கட்டடம், பாலம், பஸ் ஸ்டாண்ட்!

உன் மொட்டை மாடியும் தெரியுது. தினமும் பார்ப்பேன். நேத்து கொடியில மாமா சட்டைக்குப் பக்கத்துல, உள்ளங்கை அகலத்துக்கு ஏழு சட்டை காய்ஞ்சுது. அதையே பார்த்துக்கிட்டு இருந்ததுல கம்பிக்கட்டைத் தப்பான மாடியில இறக்கிட்டேன். மேஸ்திரி வாக்கி டாக்கியில கத்துறார், நான் சிரிச்சுக்கிட்டே இருக்கேன்.

யாரும் எனக்குச் சொல்லலை. பரவாயில்லை.

ஒண்ணு மட்டும் கேளு. இன்னும் நாலு மாடி ஏத்தினா, மூணு மணிக்கே எங்க கட்டட நிழல் உன் கொடி மேல விழுந்துடும். தண்ணித் தொட்டி ஓரமா மாத்திக் கட்டு. அங்கே அஞ்சு மணி வரைக்கும் வெயில் இருக்கும். கிரேன் நிழலை வெச்சுப் பார்த்துட்டேன். ஈரத்துணி குழந்தைக்கு ஆகாது.

இப்படிக்கு,
சித்தி.