நான் போடாத உப்பு

786
மருதமுனை
10.02.1955

மதிப்புக்குரிய சாலிஹ் மாமாவுக்கு, சீனத்தும்மா சலாம் சொல்லி எழுதுவது.

இதுவரை நான் உங்களுக்கு எழுதிய கடிதங்களெல்லாம் உங்கள் உம்மா, என் மூத்தம்மா, சொல்லச் சொல்ல எழுதியவை. என் சொல்லில் எழுதுவது இதுதான் முதல் தடவை. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உம்மா பக்கத்தில் இருக்கிறார். "எழுதுகா" என்கிறார், பிறகு அழுகிறார். என்ன எழுதுவது என்று சொல்கிறார் இல்லை.

தந்தி உங்களுக்கு அடுத்த நாள்தான் கிடைத்தது என்று அறிந்தோம். மூத்தம்மாவுக்குக் காய்ச்சல் இருந்தது, ஆனால் படுக்கவில்லை. போன வியாழக்கிழமை சுபஹுக்கு எழும்பி, கரைவலைக்குப் போகிற வாப்பாவுக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தார். பிறகு அடுப்புக்குப் பக்கத்திலேயே சாய்ந்துகொண்டார். நித்திரை என்று நினைத்து, சாக்கை மடித்துத் தலைக்கு வைத்தேன். கை சூடாகத்தான் இருந்தது. அது அடுப்பின் சூடு என்று பிறகுதான் விளங்கியது. அஸருக்கு முன் மையவாடிக்குக் கொண்டுபோய் அடக்கிவிட்டார்கள்.

நாற்பதாம் நாள் கத்தம் மார்ச் 14, திங்கட்கிழமை. நீங்கள் வர வேண்டும் என்று உம்மாவும் சாச்சியும் சொல்கிறார்கள். வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நான் எழுதுவது உங்களுக்கு என்று தெரிந்ததும், விளக்கை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

உங்கள் மருமகள்,
சீனத்தும்மா


மருதானை, கொழும்பு
16.02.1955

அன்பு மகள் சீனத்துக்கு, அல்லாஹ் உன்னைக் காப்பானாக.

உன் கடிதத்தைக் கடையின் பின்பக்கத்தில் நின்று வாசித்தேன். அடுப்பின் சூடு என்று எழுதியிருந்தாயே, அதற்கு மேல் போக முடியவில்லை. மிச்சத்தை அடுத்த நாள்தான் வாசித்தேன்.

நான் வரவில்லை மகள். பெற்ற தாயின் கபுறுக்கு ஒரு பிடி மண் போடாதவன், நாற்பதுக்கு வந்து சோறு தின்பதா?

மற்றதையும் சொல்லிவிடுகிறேன். உன் சாச்சியின் கலியாணத்துக்கு நான் வந்தபோது, சபையில் உன் வாப்பா, "கோக்கி மச்சான் வந்திரிக்கார், அடுப்படியில பாயப் போடுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அது எனக்குப் பெரிதில்லை. சமையல்காரனைக் கோக்கி என்னாமல் வேறு எப்படிச் சொல்வது. ஆனால் கதவோரம் நின்ற என் உம்மாவும் சிரித்தா. எங்கள் வாப்பா மௌத்தான பிறகு ஆப்பம் சுட்டு விற்று எங்களை வளர்த்தவ அவ. அந்த அடுப்படியில் குந்தியிருந்துதான் நான் இந்தத் தொழிலைப் படித்தேன். அதே தொழில் அவவுக்கு வெட்கமாகிவிட்டது என்று அன்றைக்கு விளங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு ஊர்ப்பக்கம் வர மனம் வரவில்லை.

ஒன்று மட்டும் செய்யுங்கள். கத்தத்துக்கு ஊரார் விரும்புவதைச் சமைக்க வேண்டாம். அவவுக்கு விருப்பமானதைச் சமைத்து ஓதிக் கொடுங்கள். விளைமீன் ஆணமும் குரக்கன் பிட்டும் என்று நினைக்கிறேன்.

மாமா
சாலிஹ்


786
மருதமுனை
23.02.1955

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தில் கடைசிப் பகுதியை மட்டும் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். நடுப்பகுதியை வாசிக்க எனக்கு வாய் வரவில்லை.

"மாமிக்குச் சுறா வறை எண்டா உசிரு" என்றார் வாப்பா.

"அது உங்களுக்கு" என்றார் உம்மா. "அவக்கு வட்டிலப்பம்தான்."

சாச்சி சிரித்துவிட்டார். "ராத்தா, வட்டிலப்பச் சட்டிய வழிச்சு நக்கினது நீதானே. உம்மாக்கு விருப்பம் கோழி ஈரல்."

"ஈரல் எப்பவும் உன்ட பீங்கானிலதான் கிடக்கும்."

நீங்கள் எழுதிய விளைமீனும் குரக்கன் பிட்டும் உங்களுடைய விருப்பமாம், மாமா. நீங்கள் வருவதாகக் கடிதம் கிடைத்தால், மூத்தம்மா அன்றைக்கே குரக்கனை வெயிலில் போட்டுவிடுவாராம்.

 "அப்ப எங்கட உம்மா என்னத்த விரும்பித் தின்ட?" என்று உம்மா கேட்டார். வாப்பா எழும்பி வாசலுக்குப் போய்விட்டார்.

நான் மூத்தம்மாவோடு ஒரே பாயில் படுத்தவள். எனக்கும் தெரியவில்லை. அவர் உட்கார்ந்து சாப்பிட்டதை நான் சரியாகப் பார்த்ததே இல்லை. நாங்கள் சாப்பிட்டு எழும்பிய பிறகு சட்டியில் கிடந்ததைச் சாப்பிட்டிருப்பார். ஆனால் உங்களுக்குக் கடிதம் எழுதச் சொல்லும்போது முதல் வரி எப்போதும் ஒன்றுதான்: "மகன், சாப்பிட்டியா, என்ன சாப்பிட்ட?"

இன்னும் யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

சீனத்தும்மா


மருதானை
01.03.1955

மகள் சீனத்துக்கு,

றெயில்வே வேலைக்காரருக்கு உறைப்புக் கூட வேண்டும், கந்தோரில் இருந்து எழுதுகிற ஆட்களுக்குத் தேங்காய்ப்பால் கூட வேண்டும். கடைக்கு வருகிற எவனெவனுக்கோ என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். என் உம்மா ஒவ்வொரு கடிதத்திலும் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டா. நான் ஒரு கடிதத்திலாவது திருப்பிக் கேட்கவில்லை.

எதையாவது சமையுங்கள். இனி எனக்கு எழுத ஒன்றுமில்லை.

சாலிஹ்


786
மருதமுனை
06.03.1955

அன்புள்ள மாமாவுக்கு,

எழுத ஒன்றுமில்லை என்றீர்கள். எனக்கு இருக்கிறது. கோபிக்காமல் வாசியுங்கள்.

பாண்டிருப்பிலிருந்து தயிர் கொண்டுவரும் செல்லத்தங்கம் அக்காவை உங்களுக்குத் தெரியும். வெறும் தயிர்ச் சட்டிகளை மூத்தம்மா தானே கொண்டுபோய் அவர் வீட்டில் கொடுப்பார். அவர் இங்கே வரும்போது கொடுத்தால் என்ன என்று உம்மா கேட்டால், "அவ பாவம், சுமை கூடிப்போகும்" என்பார். நேற்று அது நினைவுக்கு வந்தது. ஆட்கள் வந்தால் கதவுக்குப் பின்னால் நிற்கிற நான், வெளியே வந்து கேட்டேன்.

"ஒனக்கு வாய் இரிக்கா புள்ள?" என்று செல்லத்தங்கம் அக்கா முதலில் என்னைப் பகிடி பண்ணினார். பிறகு கூடையை இறக்கி வைத்தார்.

"சட்டி எண்டது சாட்டு. அவ வாறது என்ட சோத்துக்கு."

"என்ன சமைப்பீங்க?"

"என்னத்த, கீரையும் சோறும்தான். என்ட சமையல் எங்கட வளவு நாய்க்கும் புடிக்காது. ஒருநாள் உப்புக் கூடிப்போச்சு அக்கா எண்டன். 'இருக்கட்டும்கா, நான் போட்ட உப்பில்லத்தானே' எண்டுபோட்டு, கண்ண மூடிக்கொண்டு தின்டா. ஆரோ ஆக்கிப் போட, தான் இருந்து தின்ன வேணும். அதுதான் அவட ஆசை."

மாமா, நீங்கள் எழுதிய நடுப்பகுதியை அப்போதுதான் நான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன். செல்லத்தங்கம் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"வெக்கமா? கலியாணம் முடிஞ்சு மறுகா என்ட வீட்ட வந்தவ. 'மகன் கொழும்புல ஊருக்கெல்லாம் ஆக்கிப் போடுறான், அவன்ட கையால ஒரு பிடி கேக்க எண்டு இருந்தன் தங்கம். மருமகன் பகிடி பண்ணினதும் எனக்கு அழுகை வந்திட்டு. கலியாண வீட்டுல அழப்படாதே, அதான் சிரிச்சன்' எண்டா."

உள்ளே நின்ற உம்மா எல்லாவற்றையும் கேட்டார். பின்னேரம் வாப்பாவுக்கும் நானே சொன்னேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த கை நின்றது. "பகிடிக்குத்தான் சொன்ன, மகள்" என்றார்.  பிறகு கோடரியை எடுத்துக்கொண்டு போய், பின்வளவில் விழுந்து கிடந்த பூவரசைக் கொத்தத் தொடங்கினார். மஃரிபுக்கு வாங்கு சொல்லும் வரை நிறுத்தவில்லை. "மச்சானுக்கு எழுது, விறகு இரிக்கி எண்டு" என்றார்.

மூத்தம்மாவுக்கு விருப்பமானதைச் சமைக்கச் சொன்னீர்கள். அதை உம்மாவால் சமைக்க முடியாது, மாமா.

சீனத்தும்மா


மருதானை
10.03.1955

மகள்,

சனிக்கிழமை இரவு மட்டக்களப்பு வண்டியில் ஏறுகிறேன். நான் வரும்வரை யாரும் அடுப்பில் கை வைக்க வேண்டாம்.

உன் வாப்பாவிடம் சொல்: அடுப்படியில் பாயைப் போடட்டும், பெரிய பாயாக. வெங்காயம் உரிக்க எனக்கு ஆள் வேண்டும்.

சாலிஹ்


786
மருதமுனை
21.03.1955

அன்புள்ள மாமாவுக்கு,

சாப்பிட்டீர்களா? என்ன சாப்பிட்டீர்கள்? யார் ஆக்கியது?

நீங்கள் சுகமாகப் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. வாப்பா உரித்த வெங்காயத்தில் பாதி தோல்தான் என்று நீங்கள் ஏசினீர்களே, அதைப் பெரிய விருது போல வாப்பா கடற்கரையில் எல்லோரிடமும் சொல்லித் திரிகிறார். மூத்தம்மா கடைசியாகச் சுட்டுக் கொடுத்ததற்குப் பிறகு, ரொட்டி மட்டும் இன்னும் தின்கிறார் இல்லை.

நீங்கள் காணாத ஒன்றைச் சொல்ல வேண்டும். கத்தம் ஓதி முடிந்து ஆட்கள் போன பிறகு நீங்கள் கிணற்றடியில் சோறு ஆக்கிய கிடாரத்தைக் கழுவிக்கொண்டிருந்தீர்கள். அப்போது உம்மா ஒரு பீங்கானில் உங்கள் சோற்றைப் போட்டுக்கொண்டு கதவோரம் இருந்தார். ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்புக் கூட" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். பீங்கான் முடிந்ததும், யாரையும் கேளாமல் இன்னொரு அகப்பை போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து நான் உம்மாவையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இவரும் நாங்கள் எழும்பிய பிறகுதான் சாப்பிடுகிறார்.

இன்று காலையில் நான் அகப்பையை வாங்கிக்கொண்டு கேட்டேன்: "உம்மா, உங்களுக்கு என்ன விருப்பம்?"

"வாப்பாக்குச் சுறா…" என்று தொடங்கினார்.

"வாப்பாக்கில்ல. உங்களுக்கு."

உம்மா அடுப்படியிலேயே உட்கார்ந்து யோசித்தார். உலை கொதித்துவிட்டது, அரிசியும் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகுதான் பதில் வந்தது.

"தெரியாகா" என்றார்.

நாளைக்கும் கேட்பேன்.

உங்கள் மருமகள்,
சீனத்தும்மா