உன் பெயருக்கு அடித்த மணி

அம்மிணி,

வால்ட்டர் இருந்தார், எண்பது வயதிலும் நெட்டுக்குத்தலாக, கையில் பித்தளை மணியோடு. மூலை வீட்டு மரியா இருந்தாள். என் மகன் செந்திலும் மருமகள் கவிதாவும் இருந்தார்கள். உன் மருமகன் ரஞ்சித் கறி சுடும் அடுப்புப் பக்கம் நின்றான். உன் மகள் தட்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். உன் வீட்டை விலைக்குப் பார்க்க வந்த திவ்யாவும் அவள் வீட்டுக்காரனும் ஓரமாக நின்றார்கள். மற்ற வீட்டுக்காரர்களும் இருந்தார்கள், அவர்களுக்கு இதில் பங்கில்லை. நீ மட்டும் இல்லை. நீ போய் ஏழு மாதம் ஆகியிருந்தது.

அது போன வருஷம். இன்று காலை ஜன்னலைத் திறந்ததும் கரி பற்றவைக்கும் வாசனை வந்தது. சான் ரமோனில் நம் முட்டுச்சந்தின் பன்னிரண்டு வீடும் நடுரோட்டில் மேசை போட்டுச் சாப்பிடும் நாள் மறுபடி வந்துவிட்டது. வாசனை மூக்கில் ஏறியதும் உன்னிடம் பேசியாக வேண்டும் போலிருந்தது. என்னுடையது ஐந்தாம் வகுப்பு எழுத்து. பொறுத்துக்கொள்.

நான் அமெரிக்காவில் இந்த ஊருக்கு வந்த மூன்றாம் நாள் நினைவிருக்கிறதா? மகனும் மருமகளும் ஆபீஸ் போய்விட்டார்கள். யாரோ மணியடிக்க, கதவைத் திறக்கப் பயந்து உள்ளேயே நின்றேன்.

"யக்கா, நானும் நம்மூருக்காரிதான், தூத்துக்குடி. கதவத் தொறங்க, கை சுடுது!" என்றாய்.

பாத்திரம் நிறைய சொதி, உங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் குழம்பு. உன் கழுத்தில் சிலுவை போட்ட டாலர். மீன் வைத்த சட்டியாக இருக்குமோ என்று, நீ அந்தப் பக்கம் போனதும் அத்தனையையும் சிங்க்கில் ஊற்றினேன். மறுநாள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "நல்லா இருந்துச்சுங்க" என்றேன்.

"இஞ்சி தூக்கலா போயிட்டோ?"

"இல்லீங்க, அளவாத்தானுங்க இருந்துச்சு."

"நான் இஞ்சியே போடலியே யக்கா!" என்று விழுந்து விழுந்து சிரித்தாய்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அதற்கடுத்த நாள் நீ மறுபடி வந்தாய். புதுப் பாத்திரம், கடை ஸ்டிக்கரைக்கூட முழுதாக உரிக்கவில்லை. "இதுல மீனே ஏறல, ஏறவும் ஏறாது. இது ஒங்களுக்குன்னே வச்சது" என்றாய். வேறு யாராக இருந்தாலும் என் வாசலை மிதித்திருக்க மாட்டார்கள். நானாக இருந்தால் மிதித்திருக்க மாட்டேன்.

அப்புறம் நம் சந்துக்கு யார் குடிவந்தாலும் முதல்நாள் சாப்பாடு நம் இரண்டு பேர் கையால்தான். "மொதல்ல என்ன சாப்பிட மாட்டாவன்னு கேளுங்க, பொறவு அடுப்பப் பத்த வைங்க" என்பாய். அந்த சீனாக்காரப் பெண்ணிடம் கையை ஆட்டி ஆட்டிக் கேட்டதும், அவள் வேர்க்கடலையைக் காட்டித் தொண்டையைப் பிடித்துக்கொண்டாளே! நாம் கேட்டிருக்காவிட்டால் அன்றைக்கே அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்போம்.

போன வருஷம் பிப்ரவரியில் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டு உன் வீட்டுக் கீழறையில் படுத்த நீ எழுந்திருக்கவில்லை. அது நல்ல சாவு. அதை யாரும் மறைக்க வேண்டியதில்லை.

போன வருஷ மேசைக்கு வருகிறேன். அந்த வருஷம் போனவர்களின் பெயரை வால்ட்டர் வாசித்து, ஒவ்வொரு பெயருக்கும் ஒருமுறை மணியடிப்பார். புதிதாக வந்தவர்களுக்கு அப்புறம் ஆளுக்கொரு பூந்தொட்டி. நம் சந்தின் வழக்கங்களில் உனக்குப் பிடித்தது அதுதான். "எங்க கோயில்லயும் நவம்பர்ல இப்படிப் பேர் வாசிப்பாவ" என்பாய்.

வால்ட்டர் எழுந்திருக்கும் முன் ரஞ்சித் என்னிடம் வந்தான்.

"ஆன்ட்டி, ஒரு ஹெல்ப். அத்தை பேரை இன்னைக்குப் படிக்க வேண்டாம்னு வால்ட்டர்கிட்ட சொல்லிட்டேன். நீங்களும் பேச்செடுக்காதீங்க. வீடு பாக்க வந்தவங்க நம்மாளுங்க. செத்த வீடுன்னா மிரண்டுடுவாங்க. வீடு விக்கிற பேப்பர்ல எல்லாம் முறையா சொல்லிடுவேன். இன்னைக்கு மட்டும் வேணாம், ப்ளீஸ்."

அவன் வேலை போய் நான்கு மாதம் ஆகிவிட்டது, வீட்டை விற்றே ஆக வேண்டும் என்று செந்தில் சொல்லியிருந்தான். ஒருநாள்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

வால்ட்டர் காகிதத்தைப் பிரித்தார். நான்காம் வீட்டுக் கிழவியின் பெயரை வாசித்து மணியடித்தார். அடுத்தது கூப்பர். மரியாவின் நாய், அம்மிணி! உன் செருப்பைக் கடித்துக் குதறியதே, அந்த நாய். அதற்கும் மணி. எல்லாரும் தலை குனிந்துகொண்டார்கள். வால்ட்டர் காகிதத்தை மடித்தார்.

நான் எழுந்துவிட்டேன். செந்தில் என் முந்தானையைப் பிடித்து இழுத்தான்.

"அம்மா, உக்காரும்மா. நமக்கெதுக்கு இது?"

"நாய்க்கு அடிச்சாச்சில்ல? மனுசிக்கும் அடிக்கச் சொல்லு!"

உன் முழுப் பெயரையும் சத்தமாகச் சொன்னேன், ஞானஸ்நானப் பெயர், உன் அப்பா பெயர் எல்லாம் சேர்த்து. வால்ட்டருக்குத் தமிழ் தெரியாது, உன் பெயர் தெரியும். தொப்பியைக் கழற்றிக்கொண்டு மணியை அடித்தார். மரியா அழுதாள்.

திவ்யா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "அந்த வீட்டுலயா இறந்தாங்க?" என்று வீட்டுக்காரனிடம் கிசுகிசுத்தது எனக்குக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவர்கள் கார் கிளம்பிப் போயிற்று. வீடு அப்புறம் இரண்டு மாதம் விலை போகாமல் கிடந்தது. என் வீட்டில் இரண்டு நாள் யாரும் என்னோடு பேசவில்லை. அந்தப் பழியை ஏற்றுக்கொள்கிறேன். திரும்ப அந்த நாள் வந்தாலும் எழுந்திருப்பேன்.

ஒரு வாரம் கழித்து ரஞ்சித் வந்தான். சண்டைக்குத்தான் வந்தான் என்று நினைத்தேன். வாசற்படியில் உட்கார்ந்து அழுதான். "நீங்க சொன்னதுதான் ஆன்ட்டி சரி. எனக்குத்தான் வேற வழி தெரியல" என்றான். காப்பி கொடுத்தேன். அவன் கணக்கு அதோடு தீர்ந்தது, நீ கவலைப்படாதே.

இன்னொன்று இருக்கிறது. உனக்கு எழுதக்கூடாது என்றுதான் ஒரு வருஷம் இருந்தேன். மணியடித்தபோது எல்லாரும் எழுந்து நின்றார்கள். உன் மகள் எழவில்லை. தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். திவ்யா போய், "உங்க அம்மாவா? இங்கயேதான் இருந்தாங்களா?" என்று கேட்டாள். நான் இரண்டடி தள்ளி நிற்கிறேன்.

"இல்லங்க, எங்கம்மா சும்மா விசிட்டுக்கு வந்திருந்தாங்க" என்றாள்.

பதினோரு வருஷம், அம்மிணி! உன் பேரப்பிள்ளைகளில் மூத்தவளுக்கு முதல் பல் முளைத்தது உன் மடியில். சின்னவனுக்கு அம்மை போட்டபோது பன்னிரண்டு நாள் அவன் கட்டில் ஓரமாகத் தரையில் பாய் விரித்துப் படுத்தாய். மழையில் அவர்களைப் பள்ளிக்கூடத்துக்கு நடத்திப்போய், நீ நனைந்து அவர்கள் நனையாமல் திரும்புவாய். அத்தனையும் என்னிடம் இருக்கிறது, ஒரு நாள் குறையாமல்.

"விடுங்கக்கா, புள்ள பயந்துட்டா" என்றுதான் நீ சொல்வாய். உனக்கு அப்படித்தான் மனசு வரும். எனக்கு வராது. ரஞ்சித்தை விட்டுவிட்டேன், முந்தானையை இழுத்த என் மகனை விட்டுவிட்டேன், கூப்பரைக்கூட விட்டுவிட்டேன். விடாதது ஒருத்தியைத்தான்.

உன் மகள் ஷீலாவை.