பெட்டி ஏழுக்குப் பக்கத்தில்

செப். 9, செவ்வாய்

விடிந்ததிலிருந்து சாரல். இனயத்திலிருந்து பஸ்ஸில் நின்றபடியே நாகர்கோவில். கல்லூரிக்குப் பத்து நிமிடம் தாமதம்.

பன்னிரண்டு வள்ளங்களில் நான் செய்து கொடுத்த பன்னிரண்டு பெட்டிகள். செல்போன் எட்டாத கடலில் ஒன்றோடொன்று பேச வேண்டியவை. தலைமைப் பெட்டி கிடையாது. ஒவ்வொன்றும் பக்கத்தில் இருப்பதை மட்டும் கவனிக்கும், வந்த செய்தியைக் கைமாற்றிவிடும். ஒன்று போனால் மற்றவை தாமாகவே வேறு வழி பார்த்துக்கொள்ளும். சாளை மீன் கூட்டம் திரும்புகிற மாதிரி. வகுப்பில் இதை அழகாகச் சொல்கிறேன். கடலில்தான் நடக்கவில்லை. இன்றும் எட்டு மணிக்குமேல் ஏழு பெட்டிகள் மாயம்.

பேட்டரியா? உப்புக் காற்றா?

வாங்க: சிலிக்கான் பசை, கிளிப் 20, தலைவலித் தைலம் (எனக்கேதான்).

செப். 11, வியாழன்

பேட்டரியும் இல்லை, உப்பும் இல்லை. ஆட்கள்தான்.

ஜெறோம் அண்ணன் வீட்டில் சாப்பிடும்போது கேட்டேன். பெட்டி 7 அவனுடையது.

"நீ அணைச்சு வைக்கியா?"

"பின்னே? எனக்க பாரை ததேயுவுக்குக் காட்டிக் குடுக்கவா இந்தப் பெட்டி?"

கடலுக்கடியில் மீன் கூடும் பாறை, பார். திரையில் எல்லா வள்ளமும் எங்கே நிற்கிறது என்று தெரியும்படி பெருமையாகச் செய்து வைத்தது நான். பார் வந்ததும் ஒவ்வொருவரும் அணைத்திருக்கிறார்கள். ஒரு பாருக்காக அண்ணனும் ததேயுவும் பேசி இரண்டு வருடம்.

"சங்கத்துல மீட்டிங் போட்டப்ப சொல்லியிருக்கலாம்லா?"

"எல்லாருக்க முன்னாலயுமா? நல்ல கேள்வி." புருஷன் தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டே மைனி சிரித்தாள்.

சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதுகூடப் பார் எங்கே என்று சொல்லாத அப்பாவின் மகள் நான். எனக்கே இது தோன்றவில்லையே. வெட்கம்.

செப். 14, ஞாயிறு

யாரும் கடலுக்குப் போகாத நாள். பூசை முடிந்ததும் கரையில் ஒவ்வொரு வள்ளமாக ஏறி மாற்றியாயிற்று. இனி இடம் தெரியாது. யாருக்குப் பக்கத்தில் யார், அவ்வளவுதான். சிவப்புப் பட்டனை அமுக்கினால் மட்டும் அந்த வள்ளத்தின் இடம் மற்ற பெட்டிகளுக்குப் போகும்.

ததேயு (பெட்டி 3) லேசில் விடவில்லை.

"எனக்க இடம் உனக்க அண்ணனுக்குத் தெரியாதா?"

"எனக்கே தெரியாது அண்ணே."

"சத்தியமாட்டு?"

"சத்தியமாட்டு."

அணைக்கிற சுவிட்சைப் பிடுங்கச் சொல்லியிருந்தார் கல்லூரியில் துறைத்தலைவர். பிடுங்கவில்லை, அது அவரவர் கையில் இருக்கட்டும். முதுகு வலி.

செப். 17, புதன்

மதியம் ஒரு மணி. மூன்று மணி நேர லேப் முடித்துப் பையைத் திறந்தால் மைனியிடமிருந்து பதினான்கு அழைப்புகள். உடனே திருப்பி அடித்தேன்.

"பயப்படாத மக்கா. வந்தாச்சு. மூணுபேரும் கரையேறியாச்சு."

அண்ணன் வள்ளத்தில் எஞ்சின் நின்று, பலகை விட்டுத் தண்ணீர் ஏறியிருக்கிறது. பட்டனை அமுக்கியிருக்கிறான். கரையில் செய்தியை வாங்க வேண்டிய பெட்டியோ, பழுது பார்க்க நேற்று நான் கழற்றியது, என் மேசையில் திறந்து கிடந்தது. ஆனாலும் செய்தி வள்ளம் வள்ளமாகப் போய் ததேயுவை எட்டிவிட்டது. அவர் அப்போது கணவாய் மீன் ஏறிக்கொண்டிருந்த தன் பாரில் நின்றார். பெட்டியை அணைக்கவில்லை. தூண்டிலைச் சுருட்டிப்போட்டுவிட்டுப் போய்க் கட்டி இழுத்து வந்திருக்கிறார்.

ஆசிரியர் அறையில் அழுதேன். தரை கூட்ட வந்த அக்கா: "டீச்சருக்குப் பல்லு வலியா?"

செப். 18, வியாழன்

பெட்டிகளின் பதிவுகளைப் படித்தேன். 7-லிருந்து 4-க்குப் போகப் பார்த்திருக்கிறது. 4 தண்ணீர் குடித்துச் செத்திருந்தது. செய்தி நிற்கவில்லை. 9, அப்புறம் 11, அப்புறம் 3, ததேயு. யாரும் வழி சொல்லவில்லை. மொத்தம் நாலு நொடி.

பெருமையாக இருக்கிறது. இங்கே யார் பார்க்கப் போகிறார்கள், எழுதிவிடுகிறேன். நான் செய்தது, நான் இல்லாமலே நடந்தது. பிள்ளை முதல்தடவை தனியாக பஸ் ஏறி வீடு வந்து சேர்ந்த மாதிரி.

ஒன்று மட்டும் உறுத்தல். எஞ்சின் நின்றது பத்து மணிக்கு என்கிறான் அண்ணன். பட்டன் அமுக்கியது 10:35.

"முப்பத்தஞ்சு நிமிஷம் என்ன செய்தே?"

தலையைக் குனிந்துகொண்டான். "வெள்ளம் கோரி வெளிய ஊத்தினேன். பார்மேலல்லா நின்னேன் ஏட்டி. அமுக்கினா இடம் எல்லாருக்கும் போயிருமே."

அடிக்கக் கை ஓங்கினேன். மைனி தடுக்கவில்லை.

செப். 22, திங்கள்

வெயில். கடல் அமைதி. எஞ்சின் சரியாகி அண்ணன் இன்று போயிருக்கிறான். கரைப் பெட்டி மறுபடி மாடியில், 4-க்குப் பதில் புதுசு.

எட்டு மணி, பன்னிரண்டும் உயிரோடு. ஒன்பது, பன்னிரண்டும். வகுப்புக்கு நடுவே போனைப் பார்த்தேன், தப்புதான். எந்தப் பார் என்று தெரியாது. சத்தியம் செய்திருக்கிறேன், தெரியவும் வேண்டாம். திரையில் இவ்வளவுதான்:

பெட்டி 7. பக்கத்தில்: 3.

பதினோரு மணிக்கும் 3. இரண்டு மணிக்கும் 3.