நாலு இருபத்திரண்டு

செவ்வாய், ராத்திரி.

பூம்பாறையிலிருந்து வந்த அந்தக் குடும்பத்தை நினைச்சாலே பத்திக்கிட்டு வருது. மருமக உள்ளே வலியில துடிக்கிறா. பூண்டு மூட்டை ஏத்தவே நல்ல நேரம் பார்க்கிற மாமனார், பிரசவ வார்டு வாசல்ல நின்னு, "சிஸ்டர், நாலரை வரைக்கும் ராகுகாலம். அவளைக் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க"ங்கிறார். பிள்ளை என்ன பெருமாள்மலை பஸ்ஸா, கை காட்டுனா நிக்க?

நாலு இருபத்திரண்டுக்குப் பிறந்துச்சு. பொம்பளைப் பிள்ளை. வெளிய போய்ச் சொன்னேன். தாய் எப்படி இருக்கான்னு ஒருத்தரும் கேக்கல. புருஷன்காரன் போன்ல மணி பார்க்கிறான். மாமனார், "நாலு முப்பத்தஞ்சுன்னு எழுதிருங்க, புண்ணியமாப் போகும்"ங்கிறார். எனக்கு வேற சோலி இருக்குன்னு முகத்துல அடிச்ச மாதிரி சொல்லிட்டு உள்ளே வந்துட்டேன்.

தையல் போட்டு முடிச்சதும் அந்தப் பொண்ணு என் கையைப் பிடிச்சா. "எழுதிருங்கக்கா. இல்லாட்டி வீட்ல எது நடந்தாலும் இவ தலையிலதான் போடுவாங்க."

எழுதினேன். பதினெட்டு வருஷ சர்வீஸ்ல முதல் பொய். வெளிய அந்த ஆளு என்னைப் பார்த்துக் கும்பிடுறார். த்தூ, தான் ஜெயிச்சுட்டதா நெனப்பு.

ரெஜிஸ்டர்படி அவ நாலு முப்பத்தஞ்சுக்குத்தான் பிறந்திருக்கா. அதுக்கு முந்தின பதின்மூணு நிமிஷம் என் கையில கெடந்து கத்தினது யாரு?